சுயவிருப்பத்தின் பேரில்

ஜூலை 3, திங்கள்

கொறடா இளஞ்சேரன் காலையிலேயே வண்டி அனுப்பிவிட்டார். “ரெண்டே நாள் வேலை வாத்தியாரே, மாத்து வேட்டி ஒண்ணு போதும்” என்று போனில் சொன்னார். நான் மூன்று எடுத்துக்கொண்டேன். இந்தக் கட்சிக்கு இருபது வருஷமாகப் பேச்சு எழுதிக் கொடுக்கிறவனுக்கு, ரெண்டு நாள் என்றால் எத்தனை நாள் என்று தெரியாதா?

கடற்கரைச் சாலையில் ஒரு விடுதி. கட்சி இரண்டாக உடைந்துவிட்டது. பதினான்காம் தேதி சட்டமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. அதுவரை எங்கள் அணி உறுப்பினர்களை எதிரணிக்காரன் கொத்திக்கொண்டு போய்விடாதபடி இங்கே கொண்டுவந்து அடைத்திருக்கிறார்கள். அடைத்திருக்கிறார்கள் என்று எழுதியது தவறு. தங்க வைத்திருக்கிறார்கள்.

வாசலில் செல்போனை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள், கோயிலில் செருப்பு விடுகிற மாதிரி. “எனக்கு எதுக்குப்பா? நான் எம்.எல்.ஏ. இல்லையே” என்றேன். “எல்லாருக்கும் ஒரே ரூல்தான் சார்” என்றான் வாசலில் நின்ற தடியன். அதுவும் நல்லதுதான், தொந்தரவு இல்லாமல் வேலை பார்க்கலாம். ரெஜினா அக்காவுக்கு மட்டும் ஒரு தகவல் சொல்லியிருக்கலாம்.

பையில் அந்தப் பச்சை அட்டைப் புத்தகமும் கிடக்கிறது. இடப்பக்கம் கிரேக்கம், வலப்பக்கம் ஆங்கிலம். பழைய ஏதென்ஸ் நகரத்துப் பேச்சாளர்களும், கூலி வாங்கிக்கொண்டு வாதம் சொல்லிக் கொடுத்த சோபிஸ்டுகளும் எழுதியதில் அழியாமல் தப்பிய மிச்சம் மீதி. பாதிரியார் படிப்புக்குப் போய், சாமியாராகாமல் செமினரியிலிருந்து நான் ஓடிவந்தபோது மிஞ்சியது கிரேக்கம் ஒன்றுதான். அதை வைத்து ரெண்டு இட்லிகூட வாங்க முடியாது இன்னாசி என்பாள் அக்கா. வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், அவளுக்குத்தான் தெரியவில்லை.

ஜூலை 4, செவ்வாய்

வேலை இதுதான். வாக்கெடுப்பு நாளில் ஒவ்வொரு உறுப்பினரும் இரண்டு நிமிஷம் பேச வேண்டும். எல்லாம் நான் எழுத வேண்டும், ஆனால் ஒரே ஆள் எழுதியது என்று தெரியக்கூடாது.

இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. சொல்லிக் கொடுத்தது பச்சைப் புத்தகம். ஏதென்ஸில் வழக்கு என்றால் வக்கீல் கிடையாது. வாதியும் பிரதிவாதியும் தானே எழுந்து நின்று பேசியாக வேண்டும். பேசத் தெரியாதவன் சத்தமில்லாமல் ஓர் எழுத்துக்காரனிடம் போவான். அவன் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணித் தன் சொந்தப் பேச்சு மாதிரி ஒப்பிப்பான். குடியானவனுக்கு எழுதினால் குடியானவன் வாய், கிழவனுக்கு எழுதினால் கிழவன் வாய். எழுதியவன் பெயர் வெளியே வராது.

இதைச் சாப்பாட்டு மேஜையில் சொல்லித் தொலைத்துவிட்டேன். கொங்குப் பக்கத்து உறுப்பினர் சென்னியப்பன் பிடித்துக்கொண்டார். மஞ்சள் மண்டி வைத்திருக்கிறவர், சும்மா இருக்கத் தெரியாத மனுஷர்.

“ஏனுங்க வாத்தியாரே, அங்கெல்லாம் எவ்வளவு நேரமுங்க பேச உடுவாங்க?”

பானையில் ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள், தண்ணீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது என்றேன். சாயங்காலமே ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊசியால் துளை போட்டு, தோட்டத்து ஊஞ்சல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார். இப்போது எல்லாரும் அதன் கீழே நின்றுதான் பேசிப் பழகுகிறார்கள். யாராவது இழுத்தால் “தண்ணி தீந்துபோச்சுங்க, உக்காருங்க” என்று இவர் கத்துகிறார். நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை. பாட்டிலிலாவது இருக்கட்டும்.

ஜூலை 5, புதன்

டிவி கனெக்‌ஷனைப் பிடுங்கிவிட்டார்கள். அதனால் நான்தான் டிவி. மத்தியானம் சாப்பிட்டதும் கதை கேட்க உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கிரேக்கப் பெயர்கள் ஒருவர் நாக்கிலும் நுழையவில்லை. அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பெயர் தெரியாத புலவருக்குப் பாட்டு வரியிலிருந்தே பெயர் எடுத்துக் கொடுத்த ஊர்தானே நம்முடையது. வாயில் கல்லைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகியவர் கூழாங்கல்லார். கைத்தடி ஊன்றி நடக்கிற ஓர் ஏழை குதிரை ஏறுகிறான் என்று எவனோ புகார் சொல்லி, அவன் உதவித்தொகையை நிறுத்தப் பார்த்தபோது, அவனுக்காக எழுதிக் கொடுத்தவர் கைத்தடியார்.

இன்றைக்கு ஒரு ராணியின் கதை. புருஷனை விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியோடு கப்பலேறிப் போனவள். அவளால் பத்து வருஷப் போர். ஊரே காறித் துப்பிய அவளுக்காக ஒரு சோபிஸ்டு வாதாடியிருக்கிறான். தெய்வம் அப்படி நடத்தியது என்றால் அவள் என்ன செய்வாள்? பலவந்தமாகத் தூக்கிப் போனான் என்றால் பாவம் தூக்கியவனுக்கு. ஆசை என்றால் அது நோய். பேசி மயக்கிக் கூட்டிப் போனான் என்றால்? அதுவும் பலவந்தம்தான் என்று ஒரே போடாகப் போட்டான்.

“அதெப்படிங்க? பேச்சைக் கேட்டு ஏறுனவ, தானா ஏறுனவதானுங்களே?” என்றார் சென்னியப்பன்.

பின்வரிசையிலிருந்து பூரணத்தாய் பேசினார். தாமிரபரணிக் கரைத் தனித்தொகுதி உறுப்பினர். அங்கன்வாடியில் சமையல் வேலை பார்த்தவரைக் கட்சி கூப்பிட்டு நிறுத்தியது, ஜெயித்துவிட்டார். வந்த நாளிலிருந்து முந்தானையால் பாதத்தைப் போர்த்திக்கொண்டு ஏ.சி.யைத் திட்டியதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

“இங்க வரும்போது எங் கைய யாரு பிடிச்சு இழுத்தா? ‘ஒரு மீட்டிங்குக்கா, ராத்திரி வீட்டுக்குப் போயிரலாம்’னு சொல்லித்தான வேன்ல ஏத்துனாவ. வாயால இழுத்தா என்ன அண்ணாச்சி, கையால இழுத்தா என்ன? இழுத்தது இழுத்ததுதான?”

நான் அவசரமாகக் கூழாங்கல்லாருக்குத் தாவினேன்.

கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தார். “எம் மவளுக்கு இது மாசம். தலைப்பிரசவம். காலு ரெண்டும் நீர் கோத்து வீங்கிக் கெடக்கு. பிரஷர் ஏறுதுன்னு டாக்டரம்மா பயமுறுத்தியிருக்காவ. பத்தாந்தேதிக்கு மேல எப்ப வேணா வலி வருமாம். நான் இல்லாம அவ ஆஸ்பத்திரிப் படிய மிதிக்க மாட்டா அண்ணாச்சி.”

“கொறடாகிட்ட சொன்னீங்களாம்மா?”

“சொன்னேன். ‘பாத்துக்கலாம்க்கா’ன்னாவ. என்னத்தப் பாப்பாவளோ.”

ஜூலை 6, வியாழன்

காலை இட்லி கல். சாம்பாரில் வெல்லத்தைக் கொட்டியிருக்கிறான்.

பூரணத்தாயின் மருமகன் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டுவிட்டான், மாமியாரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று. நீதிமன்றம் ஒரு பெண் வழக்கறிஞரை ஆணையராகப் போட்டிருக்கிறது. அவர் பன்னிரண்டாம் தேதி வந்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டு போவார். கொறடா என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“சட்டசபைப் பேச்செல்லாம் அப்புறம். முதல்ல வாக்குமூலம். ‘சுயவிருப்பத்தின் பேரில் தங்கியிருக்கேன்’, அதான் விஷயம். ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுங்க. அந்தம்மாவுக்கு மட்டும் ஸ்பெஷல். கேக்கறவங்களுக்குக் கண்ணு கலங்கணும்.”

“அவங்க பொண்ணுக்குப் பிரசவ நேரம். ஒரு நாள் அனுப்பிட்டா மனுவே…”

“வாத்தியாரே.” சிரித்தார். “ஒரு ஆடு வேலி தாண்டினா மந்தையே தாண்டும். அந்தப் பொண்ணை நல்ல பிரைவேட் ஆஸ்பத்திரியில சேக்கச் சொல்லியாச்சு. நீங்க எழுதுங்க. உங்களையும் சீக்கிரம் அனுப்பிடறேன்.”

போக வேண்டும் என்று நான் எப்போது கேட்டேன்? இவராக ஏன் சொல்ல வேண்டும்? நான் ஊழியன். வேலை முடிந்தால் கிளம்பப் போகிறேன்.

ஜூலை 7, வெள்ளி

நேற்றிலிருந்து உட்கார்ந்து வாக்குமூலங்களை முடித்துவிட்டேன். சென்னியப்பனுக்கு, “வூட்டுல கூட இத்தனை சொகமில்லீங்க” என்று தொடங்கி அவர் சம்சாரத்தின் சமையலைக் கொஞ்சம் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அவர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “இது நாந்தானுங்க” என்றார். இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

பூரணத்தாயுடையதுதான் உச்சம். நடுவில் ஓர் இடம். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், நன்றாக வந்திருக்கிறது:

“எம் மவ மாசமா இருக்கா. தாயில்லாத எடத்துல அவளுக்கு வலி வரப்போவுது. அது தெரிஞ்சும் நான் இங்கன இருக்கேம்னா, யாரும்மா என்னைய கட்டிப்போட முடியும்? பெத்தவளக் கட்டிப்போட கயிறு உண்டா?”

அவரை வெளியே இழுக்கிற விஷயத்தையே, அவர் விரும்பித்தான் உள்ளே இருக்கிறார் என்பதற்குச் சாட்சியாகத் திருப்பிவிட்டேன். கைத்தடியாரே எழுந்து வந்து முதுகில் தட்டுவார்.

பூரணத்தாய்க்குக் கண் சரியில்லை, நானே வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“எம் மவ வயித்தையும் பேச்சுல வச்சிட்டியளே அண்ணாச்சி.”

நான் தாளை மடித்தேன்.

“நல்லாத்தான் இருக்கு. கேக்கக் கேக்க எனக்கே நெசம்னு தோணுது. அதான் பயமா இருக்கு.” என் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினார். “அந்தக் காலத்து ஆளுக ஒரே வழக்குக்கு ரெண்டு பக்கமும் எழுதிப் பழகுவாவன்னு சொன்னியள்லா? எனக்கு மறுபக்கமும் ஒண்ணு எழுதித் தாங்க. நான் கட்சிக்குத் துரோகியும் ஆவக்கூடாது, எம் மவகிட்டயும் போவணும்.”

“போகணும்னு நேரா சொல்லிடலாமேம்மா?”

“சொல்லிட்டு? வாங்கித் தின்னுட்டு அந்தப் பக்கம் சாஞ்சிட்டான்னு ஊருக்குள்ள சொல்லுவானுவ. வீட்டு மேல கல்லெறிவானுவ. பச்ச ஒடம்புக்காரியும் பிள்ளையும் வந்து படுக்கப்போற வீடு அது. எனக்கு வாதாடத் தெரியாது அண்ணாச்சி. சமைக்கத்தான் தெரியும். உங்களுக்குத் தெரியும்லா?”

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கேட்டவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வரவில்லை.

ஜூலை 8, சனி

குளிக்கும்போது வாதம் கிடைத்துவிட்டது. தலையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றேன்.

சுயவிருப்பத்தோடு இருக்கிறவளுக்கு என்ன அடையாளம்? உள்ளேயே கிடப்பதா? கைதியும் உள்ளேதான் கிடக்கிறான். போய்விட்டுத் தானே திரும்பி வருகிறவள்தான் விருப்பத்தோடு இருக்கிறவள். ஆகவே பூரணத்தாய் சொல்ல வேண்டியது: “என் ஓட்டு நம்ம கட்சிக்குத்தான், அதுல மாத்தமில்ல. காவலுக்கு யாரை வேணும்னாலும் கூட அனுப்புங்க. நான் போயி எம் மவளப் பாத்துட்டு, ஓட்டுப் போட நானே திரும்பி வாரேன். திரும்பி வந்தேம்னா இந்த மனு பொய்யின்னு ஊருக்கே தெரிஞ்சுபோவும்.”

அடேயப்பா! கட்சி விசுவாசமும் இருக்கிறது, கதவும் திறக்கிறது. ஆணையர் அந்த இடத்திலேயே உத்தரவு கேட்டு வாங்கிவிடுவார். கொறடாவும் வெளியே சொல்லி மறுக்க முடியாது. மறுத்தால் அடைத்து வைத்திருக்கிறோம் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகும். இந்த இருபது வருஷத்தில் இவ்வளவு நல்லதாக நான் ஒன்றும் எழுதியதில்லை. சந்தோஷத்தில் சாப்பாடு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

நாளைக்குத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

ஜூலை 9, ஞாயிறு

ஞாயிற்றுப் பூசைக்குப் போக வேண்டும் என்று வாசலில் சொன்னேன். கோயில் ஒன்றும் தூரமில்லை, மணிச்சத்தம் அறைக்கே கேட்கிறது. தடியன் உள்ளே போய்க் கேட்டு வந்தான். “கொறடா சார் வேணாம்ட்டார். வேணும்னா ஃபாதரை இங்க கூட்டியாரச் சொல்றாரு.” சாகக் கிடக்கிறவனுக்குத்தானடா சாமியார் வீடு தேடி வருவார் என்று வாய் வரைக்கும் வந்தது. “பரவால்லப்பா” என்று திரும்பிவிட்டேன். மழை வருகிற மாதிரியும் இருந்தது. போகாததும் நல்லதுதான்.

மத்தியானம் அறை அறையாகச் சோதனை போட்டார்கள். யாரோ செல்போன் ஒளித்து வைத்திருக்கிறாராம். என் அறையில் தேட என்ன இருக்கிறது? பேனா, காகிதம், பச்சைப் புத்தகம், இந்த டைரி. ஆனாலும் பக்கத்து அறைக் கதவு தட்டுகிற சத்தம் கேட்டதும், காலையில் பூரணத்தாய்க்காக எழுதி வைத்த மறுபக்கத் தாளைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டேன். இரண்டு தரம் விட வேண்டியிருந்தது. வந்தவன் டைரியைப் புரட்டவில்லை. “என்ன சார், கணக்கா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

வாதம் தலையில்தானே இருக்கிறது. வாயால் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஜூலை 10, திங்கள்

நாள் முழுக்க ஒத்திகை. கொறடாவே ஆணையர் மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்டார். பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

பூரணத்தாய் தட்டுத் தடுமாறி ஒப்பித்தார். “இன்னும் மனப்பாடம் பண்ணணும்க்கா” என்றார் கொறடா. அந்தத் தடுமாற்றம் இருக்கட்டும், மகளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் திக்கினால்தான் நம்புவார்கள் என்றேன். கொறடா என்னைப் பார்த்து, “ஆளுய்யா நீ!” என்றார். எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இத்தனை வருஷத்தில் அவர் இப்படிச் சொன்னது மூன்றோ நான்கோ தடவைதான்.

பூரணத்தாய் இரண்டு முறை என்னைத் தேடி வந்தார். முதல் முறை பக்கத்தில் கொறடா இருந்தார். இரண்டாவது முறை நான் குளிக்கப் போய்விட்டேன். இன்றைக்கு வெக்கை அதிகம், இரண்டு தரம் குளிக்க வேண்டியிருந்தது.

சென்னியப்பன் சாயங்காலம் கேட்டார். “அந்தக் கைத்தடிக்காரன் கேசு என்னாச்சுங்க? ஜெயிச்சானுங்களா?”

“தெரியாதுங்க. பேச்சுதான் கிடைச்சிருக்கு. தீர்ப்பு எங்கேயும் எழுதி வைக்கல. பாதிக்கு மேல அப்படித்தான்.”

“அட, என்னங்க வாத்தியாரே! அந்த ஆளுக்குச் சோறு கெடச்சுதா இல்லையான்னு தெரியாம, பேச்சு நல்லாருக்கு நல்லாருக்குங்கறீங்க?”

மஞ்சள் வியாபாரிக்கு இலக்கியம் எங்கே புரியப் போகிறது?

ஜூலை 11, செவ்வாய்

பூரணத்தாயின் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கொறடா தன் போனிலிருந்து பேச வைத்தார். ஸ்பீக்கரில் போட்டு, மேஜைமேல் வைத்து, நாங்கள் எல்லாரும் சுற்றி நிற்க.

“எம்மா, தலை வலிக்கு. கண்ணு ஒரு மாதிரி மங்குது. நீ எப்ப வார?”

“வந்துருவேன் மக்கா. வெள்ளிக்கிழம வந்துருவேன்.”

“வெள்ளிக்கிழமயா? இன்னைக்குச் செவ்வாயில்லாம்மா?”

கொறடா போனை எடுத்து, “எல்லாம் நல்லபடியா நடக்கும் தங்கச்சி, பெரிய டாக்டருங்க இருக்காங்க” என்று பேசி வைத்துவிட்டார். மேஜை துடைக்கிற துணியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு பூரணத்தாய் நின்றுகொண்டே இருந்தார். சென்னியப்பன் நாற்காலி இழுத்துப் போட்டார். உட்காரவில்லை.

பிறகு கைகழுவும் இடத்தில் என்னைப் பிடித்துவிட்டார். “எழுதிட்டியளா?”

“தலையில இருக்கும்மா. காலையில சொல்லித் தர்றேன். நாலே வரிதான்.”

“காலையில கண்டிப்பா?”

“கண்டிப்பா.”

இப்போதே போய்ச் சொல்லிவிடலாம். அவர் அறை என் அறையிலிருந்து நாலாவது. ஆனால் நடைவழியில் ஒருவன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். நான் நடந்தால் எதற்கு என்று கேட்பான். அவன் கேட்கக்கூட வேண்டாம், கொறடாவிடம் சொன்னாலே போதும். அவரிடமே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்தால் என்ன? சோறு போட்டவர். அவருக்குத் தெரியாமல் நான் எதுவும் செய்து பழக்கமில்லை.

காலையில் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 12, புதன்

காலையில் எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. பிறகு சட்டையில் பொத்தான் இல்லை. பிறகு ஆணையர் வந்துவிட்டார்.

நாற்பது வயதுப் பெண்மணி, கறுப்புக் கோட்டு, கடுகடுத்த முகம். வந்ததுமே கொறடாவையும் வாசல் ஆட்களையும் கட்டடத்துக்கு வெளியே போகச் சொல்லிவிட்டார். “உதவிக்கு ஒருத்தர் மட்டும் இருக்கட்டும் மேடம், காகிதம் எடுத்துக் கொடுக்க” என்று கொறடா என்னை உள்ளே நிறுத்திவிட்டுப் போனார். போகும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். எதற்கு என்று எனக்குத் தெரியும்.

கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சென்னியப்பன் சம்சாரத்தின் சமையலைக் கிண்டல் பண்ணியபோது அந்தக் கடுகடுத்த முகமே கொஞ்சம் இளகியது. ஒருவர் பேசியது மாதிரி இன்னொருவர் பேசவில்லை. எல்லாம் என் எழுத்து. மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பூரணத்தாய் வந்து உட்கார்ந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார். நான் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“பயப்படாம சொல்லுங்கம்மா. உங்களை யாராவது பலவந்தமா வச்சிருக்காங்களா?”

அவர் மறுபடி என் பக்கம் திரும்பினார். நாலு வரி. அந்த இடத்திலேயேகூடச் சொல்லியிருக்கலாம். “அம்மா, நீங்க போயிட்டு வர்றதா சொன்னீங்களே” என்று ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவரே பிடித்துக்கொண்டிருப்பார். நான் காகிதங்களை மறுபடி அடுக்கினேன்.

அவர் ஒப்பிக்க ஆரம்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை. “எம் மவ மாசமா இருக்கா” என்று வந்ததும் திக்கினார். நான் சொல்லிக் கொடுத்த திக்கல் அதுவல்ல. மூச்சு இழுத்து, நின்று, மறுபடி தொடங்கி, “பெத்தவளக் கட்டிப்போட கயிறு உண்டா?” என்று முடித்தபோது ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நம்பிவிட்டார். எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

பூரணத்தாய் எழுந்தார். கதவு வரைக்கும் போனவர் திரும்பினார்.

“எம்மா, இந்த அண்ணாச்சியும் எங்ககூட இங்கதான் இருக்காவ. அவ்வோ பேரு உங்க காயிதத்துல இருக்காது. போன ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவணும்னு கேட்டாவ, விடல. அவ்வோளையும் ஒரு வார்த்த கேளுங்க.”

ஆணையர் என்னை அப்போதுதான் மனுஷனாகப் பார்த்தார். “உங்க பேர் என்ன சார்?”

“இன்னாசிமுத்து.”

“கதவு சாத்தியிருக்கு. நீங்க சொல்றது வெளிய போகாது. இப்பவே கிளம்பணும்னா என் கார்லயே ஏத்திக்கிட்டுப் போறேன். நீங்க இங்க விருப்பப்பட்டுத்தான் இருக்கீங்களா?”

பூரணத்தாய் கதவைப் பிடித்தபடி நின்றார். என் பையில் டோக்கன் இருந்தது. வெளியே அவருடைய கார் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நானும் போகலாம், காரில் உட்கார்ந்ததும் இந்த அம்மாவைப் பற்றியும் சொல்லலாம். எல்லாம் தெரிந்தது.

“என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க?” என்று சிரித்தேன். “நான் எழுதுற ஆள். எனக்கு வேண்டியது ஒரு மேஜை, ஒரு ஜன்னல், வேளைக்கு டீ. வீட்டுல அக்கா திட்டுவாங்க, இங்க அதுவும் இல்ல. கோயிலுக்குப் போகாதது மழைக்குப் பயந்துதான். பாவத்தை யார் தலையிலாவது போடணும்னு கட்சிக்காரங்க தலையில போட்டுட்டேன். நான் என் சுயவிருப்பத்தின் பேரில்தான் இருக்கேன்.”

ஆணையர் சிரித்துவிட்டார். அதையும் எழுதிக்கொண்டார். கார் போய்விட்டது.

மூன்று மணிக்குக் கொறடா லட்டு டப்பாவோடு வந்தார். பெண் குழந்தை. ஆபரேஷன் செய்து எடுத்திருக்கிறார்கள், குழந்தை நன்றாக இருக்கிறது. தாய்க்கு வலிப்பு வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். இன்னும் நினைவு திரும்பவில்லை. “பயப்பட ஒண்ணுமில்லக்கா. வெள்ளிக்கிழமை ஓட்டு முடிஞ்சதும் முதல் வண்டி உங்களுக்குத்தான்” என்றார். லட்டை ஒருவரும் தொடவில்லை.

பூரணத்தாய் ஊஞ்சலில் போய் உட்கார்ந்துகொண்டார். சென்னியப்பன் அவருக்கு முன்பாகவே போய் அந்தப் பாட்டிலை அறுத்தெறிந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னமோ பேசினேன். குழந்தை நல்லபடியாக வந்துவிட்டது, அதுவே தாயையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும், கைப்பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்டால் எந்தத் தாயும் கண் திறப்பாள் என்றேன். சொல்லச் சொல்ல வார்த்தைகள் தானாக வரிசையில் வந்து நின்றன. எனக்கு அருவருப்பாக இருந்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அவர் என்னை முடிக்க விட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“எனக்கு நீங்க எழுதித் தந்திய. நான் சொன்னேன். அந்தம்மா உங்களக் கேட்டப்ப நீங்க சொன்னியளே, அத உங்களுக்கு யாரு அண்ணாச்சி எழுதிக் குடுத்தா?”

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியிலிருந்து ஒருவரும் அதைப் பூட்டவில்லை.